ஒரு டீச்சர், மூன்று வகுப்பு

ஒரு சிற்றூர். அங்கே ஒரு தொடக்கப் பள்ளி. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை இருக்கிறது. பிள்ளைகள் 40 பேர். ஆசிரியர்கள் 2 பேர்.

இப்படிப்பட்ட பள்ளிகள் நம் நாட்டில் ஏராளம். மலையடிவாரத்தில், காட்டோரத்தில், ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஊர்களில் பெரும்பாலும் இதுதான் நிலை. இது சட்டத்துக்கு மாறானதும் அல்ல. 2009ஆம் ஆண்டில் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 60 பிள்ளைகள் வரை படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள் வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. வகுப்பு ஐந்து. ஆசிரியர் இரண்டு. ஒருவருக்கு இரண்டு வகுப்பு என்றால் மற்றவருக்கு மூன்று வகுப்பு. ஒருவர் விடுப்பில் போனால்? பயிற்சிக்குப் போனால்? தேர்தல் வேலைக்குப் போனால்? ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில்தான்.

மூன்று வகுப்பை வைத்திருக்கும் டீச்சர் என்ன செய்வார்? பழைய வழி ஒன்று உண்டு. ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்துவார். மற்ற இரண்டு வகுப்பையும் பார்த்து, "சத்தம் போடாமல் வாய்ப்பாடு எழுதுங்கள்" என்பார். எழுதி முடித்தால், "இன்னொரு முறை எழுதுங்கள்" என்பார்.

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்று முதல் ஐந்து வரை உள்ள வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரப் படிப்பு என்று சட்டம் சொல்கிறது. ஒரு நாளைக்கு 4 மணி நேரம். அதை மூன்று வகுப்புக்குப் பிரித்தால், ஒரு வகுப்புக்குக் கிடைப்பது 1 மணி 20 நிமிடம். மீதி 2 மணி 40 நிமிடம் பிள்ளை காத்திருக்கிறது. ஓர் ஆண்டில் 530 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கிறது.

காத்திருந்து காத்திருந்து பிள்ளைக்குச் சலித்துப் போகும். பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும். அடி வாங்கும். பிறகு ஆடு மேய்க்கப் போவதே மேல் என்று நினைக்கும். "பள்ளிக்கூடம் போயும் ஒன்றும் ஏறவில்லை. இவனுக்குப் படிப்பு வராது" என்று வீட்டில் சொல்வார்கள். படிப்பு வராத பிள்ளை என்று பெயர் வாங்கியவர்களில் எத்தனை பேர் வெறுமனே காத்திருந்த பிள்ளைகளோ!

ஏணியும் அட்டையும்

ஆந்திரப் பிரதேசத்தில் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷி வேலி என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய பள்ளி அங்கே உள்ளது. சுற்றியுள்ள சிற்றூர்ப் பிள்ளைகளுக்காக 1980களில் அங்கே சின்னச் சின்னப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. ஒரே அறை. ஒரே ஆசிரியர். எல்லா வகுப்புப் பிள்ளைகளும் ஒன்றாக இருப்பார்கள். இந்தப் பள்ளிகளுக்காகப் பத்மநாப ராவ், ராமா என்ற தம்பதி ஒரு புதிய முறையை உருவாக்கினார்கள்.

அவர்கள் பாடத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்தார்கள். ஒரு துண்டுக்கு ஓர் அட்டை. அட்டையில் ஒரு படம், ஓர் எண். எந்த அட்டைக்குப் பிறகு எந்த அட்டை என்று காட்ட, சுவரில் ஓர் ஏணிப் படம். பிள்ளை அந்த ஏணியைப் பார்க்கும். நேற்று எந்தப் படியில் விட்டதோ, அதற்கு அடுத்த அட்டையை எடுக்கும். வேகமாகப் போகும் பிள்ளை வேகமாகப் போகலாம். பத்து நாள் காய்ச்சலில் கிடந்து வந்த பிள்ளை, விட்ட இடத்திலிருந்தே தொடங்கலாம். பயிர் அறுப்புக்காக அப்பா அம்மாவோடு வெளியூர் போய்த் திரும்பிய பிள்ளைக்கும் அப்படியே. புத்தகப் படிப்பில் இது நடக்காது. அங்கே வகுப்பு முன்னே போய்விடும். பிள்ளை பின்னே நின்றுவிடும்.

கர்நாடகத்தில் மைசூர் மாவட்டத்தில் ஹெக்கடதேவனகோட்டை என்ற தாலுகா உண்டு. கபினி ஆறும் காடும் உள்ள பகுதி. அந்தத் தாலுகாவின் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ரிஷி வேலிக்குப் போய்ப் பார்த்தார்கள். திரும்பி வந்து, தங்கள் பிள்ளைகளுக்குக் கன்னடத்தில் அட்டைகள் செய்தார்கள். 1995இல் யுனிசெஃப் உதவியோடு இது தொடங்கியது. பெயர் 'நலி-கலி'. கன்னடத்தில் 'நலி' என்றால் மகிழ்ந்திரு, 'கலி' என்றால் கற்றுக்கொள் என்று பொருள். 2009-10இல் அது மாநிலம் முழுவதும் உள்ள அரசுப் பள்ளிகளின் சின்ன வகுப்புகளுக்குப் பரவியது. தமிழ்நாட்டு ஆசிரியர்களும் ரிஷி வேலிக்குப் போனவர்கள்தாம். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் இதே வழியில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007இல் மாநிலம் எங்கும் பரவியது.

இந்த வகுப்பறையில் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பிரிந்து உட்கார்வதில்லை. வேலையைப் பொறுத்துக் குழுவாக உட்காருகிறார்கள். நலி-கலி வகுப்பில் ஐந்து குழு. முதல் குழுவுக்கு டீச்சரின் முழு உதவி உண்டு. புதிய எழுத்தையோ புதிய கணக்கையோ தொடங்கும் பிள்ளைகள் அங்கே. இரண்டாவது குழுவுக்கு டீச்சர் அவ்வப்போது உதவுவார். மூன்றாவது குழுவில் கூடப் படிக்கும் பிள்ளை சொல்லிக் கொடுக்கும். நான்காவது குழுவிலும் அப்படித்தான், ஆனால் தேவைப்பட்டால் மட்டும். ஐந்தாவது குழுப் பிள்ளைகள் தாங்களே செய்வார்கள். ஒரு வேலை முடிந்து அடுத்த அட்டை எடுத்ததும் குழுவும் மாறிவிடும்.

வகுப்பில் 25 பிள்ளைகள் என்றால் ஒரு குழுவில் ஏறக்குறைய 5 பேர். டீச்சர் பாயில் உட்கார்ந்து அந்த 5 பேருக்கும் ஒரு கால் மணி நேரம் முழுதாகக் கொடுக்கலாம். ஒவ்வொரு பிள்ளையின் சிலேட்டையும் பார்க்கலாம். 'க'வை எந்தப் பக்கத்தில் தொடங்கி எழுதுகிறது என்றுகூடப் பார்க்கலாம்.

ஆனால் ஒரு கேள்வி வரும். அந்தக் கால் மணி நேரத்தில் மற்ற 20 பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அவர்கள் அடித்துக்கொண்டு, ஓடி, கத்திக்கொண்டு இருந்தால் டீச்சர் எப்படி உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க முடியும்?

சொல்லாமலே நடக்கும் வேலைகள்

இங்கேதான் அன்றாடப் பழக்கங்கள் வருகின்றன. அட்டை, ஏணி எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பார்க்க வரும் அதிகாரிகளும் அவற்றைத்தான் பார்ப்பார்கள். பழக்கம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது இல்லாத வகுப்பில் அட்டைகள் வெறும் காகிதம்.

நன்றாக நடக்கும் ஒரு வகுப்பில் காலை நேரம் இப்படி இருக்கும். பிள்ளை வருகிறது. செருப்பை வாசலில் வரிசையாக விடுகிறது. பையை ஆணியில் மாட்டுகிறது. சுவரில் ஒரு தாள் தொங்குகிறது. அதில் எல்லாருடைய பெயரும் இருக்கிறது. தன் பெயரைத் தேடி, நேரே ஒரு குறி போடுகிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இதுவே அன்றைய முதல் வாசிப்புப் பாடம். (டீச்சர் தம் பதிவேட்டில் தனியாகக் குறிக்கத்தான் வேண்டும். அது அரசாங்கக் கணக்கு.) அன்றைக்கு முறை வந்த பிள்ளை வானத்தைப் பார்த்துவிட்டு வந்து, வெயிலா மேகமா மழையா என்று படம் வரைகிறது. பிறகு அவரவர் ஏணியைப் பார்த்து அட்டையை எடுத்துக் குழுவில் உட்காருகிறார்கள். இதற்குள் டீச்சர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

அடுத்து, சின்னச் சின்னத் தடங்கல்கள். "டீச்சர், ஒன்னுக்கு!" என்று ஒரு பிள்ளை எழுந்து நிற்கும். 25 பிள்ளைகள் ஒரு நாளைக்கு இரண்டு முறை கேட்டால் 50 முறை பாடம் நின்று போகும். இதற்கு ஒரு வழி உண்டு. கதவருகே இரண்டு மூங்கில் குச்சிகளைத் தொங்கவிடுவார்கள். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. ஒன்று பெண் பிள்ளைகளுக்கு, ஒன்று ஆண் பிள்ளைகளுக்கு. குச்சி இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். இல்லாவிட்டால் யாரோ போயிருக்கிறார்கள், கொஞ்சம் பொறுக்க வேண்டும். கேட்கத் தேவையில்லை. கேட்க வெட்கப்பட்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

பென்சில் முனை உடைந்தால்? ஜன்னல் ஓரத்தில் ஒரு டப்பாவில் சீவிய பென்சில்கள் நாலைந்து இருக்கும். உடைந்ததைப் போட்டுவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். சாயங்காலம் முறைப் பிள்ளை எல்லாவற்றையும் சீவி வைக்கும்.

"டீச்சர், முடிச்சிட்டேன். இனி என்ன செய்ய?" இந்தக் கேள்விதான் வகுப்பை அதிகமாகக் குலைப்பது. வேகமான பிள்ளை சும்மா இருந்தால், பக்கத்தில் வேலை செய்யும் பிள்ளையையும் சும்மா இருக்க விடாது. எனவே முடித்தபின் என்ன செய்வது என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். முதலில் குழுவில் ஒருவரிடம் காட்டு. சரியாக இருந்தால் ஏணிக்குப் போ. அட்டை கிடைக்காவிட்டால் கயிற்றில் தொங்கும் கதைப் புத்தகத்தில் ஒன்றை எடு. இவ்வளவுதான்.

எல்லாரும் ஒரே நேரத்தில் டீச்சரைக் கவனிக்க வேண்டிய வேளையும் உண்டு. அப்போது டீச்சர் மூன்று முறை கை தட்டுவார். பிள்ளைகள் இரண்டு முறை தட்டிவிட்டு, கையில் உள்ளதைக் கீழே வைத்துத் திரும்புவார்கள். சில டீச்சர்கள் ஒரு பாட்டின் முதல் அடியைப் பாடுவார்கள். பிள்ளைகள் அடுத்த அடியைப் பாடி முடித்து அமைதியாவார்கள். எது வேண்டுமானாலும் இருக்கலாம், நாளுக்கொன்றாக மாற்றாமல் இருந்தால் போதும். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன ஆசிரியர்கள் இதை ஒரு வாரம் செய்து பார்த்தால் தெரியும்.

இந்தப் பழக்கங்கள் தாமாக வருவதில்லை. இவற்றையும் பாடம் போலச் சொல்லித் தர வேண்டும். பள்ளி திறந்த முதல் இரண்டு வாரம் அதற்குத்தான். ஐந்து ஐந்து பேராக வந்து அட்டையை எடுப்பது எப்படி, திரும்ப வைப்பது எப்படி, பாயைச் சுருட்டுவது எப்படி என்று செய்து காட்டி, செய்யச் சொல்லி, மறுபடியும் செய்யச் சொல்ல வேண்டும். "ஜூன் மாதமே போய்விட்டது, இன்னும் பாடம் தொடங்கவில்லையே" என்று பதறும் டீச்சர் இதை விட்டுவிடுவார். பிறகு மார்ச் மாதம் வரை "உட்கார், எழுந்திருக்காதே, பேசாதே" என்பதிலேயே அவருடைய நாள் போகும்.

விதிகள் அதிகமானாலும் ஆபத்து. பதினைந்து விதியைப் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அதைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த பிள்ளை அதைப் பார்ப்பதில்லை. ஐந்தாறு பழக்கம் போதும். மீறும் பிள்ளையை அடிப்பதற்கும் இடமில்லை. அடிப்பதையும் மனம் புண்படும்படி திட்டுவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. மறந்த பிள்ளையை மறுபடி ஒருமுறை செய்யச் சொன்னால் போதும்.

சட்டாம்பிள்ளையின் பிரம்பு

பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது புதிய முறை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தான். அவன் பெரிய மாணவன். சின்னப் பிள்ளைகளை மணலில் எழுத வைப்பது அவன் வேலை.

இதற்கு ஒரு கதையே உண்டு. 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தார் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் பள்ளி ஒன்றுக்கு ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் பொறுப்பாளரானார். ஸ்காட்லாந்து நாட்டவர். இந்த ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தம் பள்ளியிலும் செய்ய வைத்தார். பெரிய பிள்ளைகளைக் கொண்டே சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். இதைப் பற்றி 1797இல் லண்டனில் ஒரு புத்தகம் வெளியிட்டார். இங்கிலாந்தில் அந்த முறை பல பள்ளிகளுக்குப் பரவியது. அங்கே அதற்குப் பெயர் 'மதராஸ் முறை'.

ஆனால் சட்டாம்பிள்ளையின் கையில் பிரம்பும் இருந்தது. அவனைக் கண்டால் சின்னப் பிள்ளைகளுக்கு நடுக்கம். இன்றைய குழுவிலும் இந்த ஆபத்து இல்லாமல் இல்லை. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றையே எப்போதும் தலைவராக வைத்தால், அது சீக்கிரம் சட்டாம்பிள்ளை ஆகிவிடும். பேசியவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் வேலையைக் கொடுத்தால் கேட்கவே வேண்டாம்! எனவே தலைவர் முறை வாரம் ஒரு பிள்ளைக்குப் போக வேண்டும். வாயே திறக்காத பிள்ளைக்கும் போக வேண்டும்.

உதவி செய்வதையும் கற்றுத் தர வேண்டியிருக்கிறது. உதவி என்றால் பல பிள்ளைகள் சிலேட்டைப் பிடுங்கித் தாங்களே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அது உதவி அல்ல. "நீ எழுதாதே. அவளை எழுதச் சொல். தப்பு வந்தால், இது என்ன எழுத்து என்று கேள்." இப்படி டீச்சர் பழக்க வேண்டும். எழுத்தை இன்னொருவருக்கு விளக்கும் பிள்ளைக்கும் அந்த எழுத்து நன்றாகப் பதிகிறது. "என் பிள்ளை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தே வீணாகிறான்" என்று சில பெற்றோர் குறைப்படுவார்கள். அவன் வீணாகவில்லை. ஆனால் நாள் முழுவதும் அதே வேலை என்றால் பெற்றோர் குறைப்படுவது நியாயம்தான். அவனுடைய ஏணியில் அவனும் ஏற வேண்டும் அல்லவா?

கோலார் போன்ற எல்லைப் பகுதிகளில் இன்னொரு நன்மையும் உண்டு. அங்கே ஒரே ஊரில் கன்னடம், தெலுங்கு, தமிழ், உருது பேசும் வீடுகள் இருக்கும். டீச்சர் கன்னடத்தில் சொன்னது புரியாமல் விழிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு, பக்கத்துப் பிள்ளை அதன் மொழியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வரிசையில் உட்கார்ந்து வாய் மூடிக் கேட்கும் வகுப்பில் அந்த ஒரு வார்த்தைக்கு இடமில்லை.

வட்டமாக உட்கார்ந்தால் குழுவா?

நான்கு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு சிலேட்டு. ஒரு பிள்ளை கூட்டல் கணக்குப் போடுகிறது. மற்ற மூன்றும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று சட்டைப் பித்தானைத் திருகுகிறது. இது குழு வேலையா? இல்லை. அந்த மூன்று பேரும் எழுந்து போனாலும் கணக்கு முடிந்துவிடும்.

வேறு ஒரு வேலையைப் பாருங்கள். "இந்த அறை எத்தனை அடி நீளம்? உங்கள் காலாலேயே அளந்து சொல்லுங்கள்." நான்கு பேரும் குதிகாலையும் விரலையும் ஒட்டி வைத்து நடக்கிறார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 38 வருகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 31. "நீ தப்பு!" "இல்லை, நீதான் தப்பு!" சண்டை வருகிறது. இருவரும் மறுபடி நடக்கிறார்கள். மறுபடியும் 38, 31. அப்புறம் ஒரு பிள்ளை இரண்டு பாதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. "ஓ, உன் கால் சின்னது!" அப்படியானால் எல்லாருக்கும் ஒரே விடை வர என்ன செய்வது? ஒரு குச்சியை எடுத்து அளக்கலாம். அளவுகோல் எதற்கு என்பது அந்தப் பிள்ளைகளுக்கு இனி மறக்காது. இந்த வேலையை ஒரு பிள்ளை மட்டும் தனியாகச் செய்ய முடியாது. ஒரே கால் இருந்தால் சண்டையே வந்திருக்காதே!

புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கட்டுவது, சந்தைக் கடை வைத்துச் சில்லறை கொடுப்பது, ஒரு கதையை ஆளுக்கொரு படமாக வரைந்து வரிசைப்படுத்துவது எல்லாம் இந்த வகைதான். இதற்குப் பெரிய செலவு இல்லை. நாலைந்து பேருக்கு மேல் ஒரு குழுவில் இருந்தால் யாராவது ஒருவர் பித்தானைத் திருகத் தொடங்கிவிடுவார்.

சத்தம் இருக்கும். அது இல்லாமல் முடியாது. கதவருகே நின்று கேட்டால் வித்தியாசம் தெரியும். "இல்லை, இதற்குப் பிறகு அதுதான் வரும்" என்பது ஒரு சத்தம். "டீச்சர், இவன் என்னை அடிக்கிறான்" என்பது வேறு சத்தம்.

துடைப்பம் யார் கையில்?

பள்ளியில் வேறு சில அன்றாட வேலைகளும் உண்டு. பெருக்குவது, தண்ணீர் பிடிப்பது, மணி அடிப்பது, மதிய உணவுக்குத் தட்டு வைப்பது. இவற்றைப் பிள்ளைகள் பகிர்ந்து செய்வதில் தவறு இல்லை. ஆனால் எந்தப் பிள்ளை எதைச் செய்கிறது என்று கவனமாகப் பார்க்க வேண்டும்.

பல பள்ளிகளில் பெருக்குவது பெண் பிள்ளைகள். மணி அடிப்பது ஆண் பிள்ளைகள். யாரும் அப்படிச் சொல்லவில்லை, வழக்கமாகிவிட்டது. அதைவிட மோசமானதும் உண்டு. தலித் பிள்ளைகளை மட்டும் கழிவறை கழுவ வைத்ததாக நாட்டின் பல மாநிலங்களிலிருந்து செய்தி வந்திருக்கிறது. குடிதண்ணீர்ப் பானையை அவர்கள் தொட விடாத பள்ளிகள் பற்றியும் செய்தி வந்திருக்கிறது.

டாக்டர் அம்பேத்கர் 1901ஆம் ஆண்டு வாக்கில் மகாராஷ்டிரத்தில் சாத்தாராவில் படித்துக்கொண்டிருந்தார். வகுப்பில் அவர் மற்ற பிள்ளைகளோடு உட்காரக் கூடாது. ஒரு மூலையில் கோணிப்பை விரித்து உட்கார வேண்டும். அந்தக் கோணியையும் வீட்டிலிருந்து கொண்டுவந்து, மாலையில் திரும்ப எடுத்துப் போக வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தொடக் கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் இல்லாத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டியதுதான். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். அதுவும் ஒரு பள்ளியின் அன்றாட ஒழுங்குதான். யார் எங்கே உட்கார்வது, யார் எதைத் தொடுவது என்று எல்லாம் அங்கே முறைப்படி நடந்தது.

எனவே வேலைப் பட்டியல் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் தொங்க வேண்டும். அதில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இருக்க வேண்டும். வாரம் மாறும்போது வேலையும் மாற வேண்டும். ஊர்ப் பெரியவர் மகனின் கையிலும் ஒரு வாரம் துடைப்பம் இருக்கும். துப்புரவுத் தொழிலாளியின் மகள் ஒரு வாரம் தண்ணீர்ப் பானைக்குப் பொறுப்பாக இருப்பாள். "எங்கள் வீட்டுப் பிள்ளை பெருக்குவதா?" என்று சில வீடுகளிலிருந்து ஆள் வருவார்கள். பட்டியலைக் காட்டி, எல்லாருக்கும் இதுதான் முறை என்று டீச்சர் சொல்ல வேண்டும். ஒற்றை ஆளாகச் சொல்வது கடினம். பெற்றோரில் நாலு பேர் கூட நின்றால் எளிது. கழிவறை கழுவுவது மட்டும் எந்தப் பிள்ளையின் வேலையும் அல்ல. அதற்குப் பள்ளிச் செலவில் ஆள் வைக்க வேண்டும்.

குழுவுக்குப் பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியபோது, பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். அழகான பெயர்கள்தாம். ஆனாலும் பிள்ளைகள் விவரமானவர்கள். எது கீழ், எது மேல் என்று இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆண்டு முழுவதும் ஒரு பிள்ளை அரும்பாகவே இருந்தால், அந்தப் பெயரும் 'மக்கு' என்ற பெயரும் அதன் காதில் ஒன்றாகத்தான் விழும். நிலையைப் பார்த்துப் பிரிப்பது சில வேலைகளுக்குத் தேவை. அறையை அளக்கும் வேலைக்கு அது தேவையில்லை. அங்கே எல்லா நிலையும் கலந்து உட்காரலாம்.

பெற்றோர் பார்க்க வேண்டியது

"எப்போது போய்ப் பார்த்தாலும் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். டீச்சர் கரும்பலகைப் பக்கமே போவதில்லை. வீட்டுப் பாடமும் இல்லை." நலி-கலி பள்ளிகளில் பெற்றோர் சொன்ன குறை இது. தமிழ்நாட்டிலும் இதையே சொன்னார்கள். சிலர் பிள்ளையை எடுத்துத் தனியார் பள்ளியில் சேர்த்தார்கள். கூலி வேலை செய்து கட்டும் பணம் அது.

அந்தக் குறையில் ஒரு பங்கு உண்மையும் உண்டு. எல்லா இடத்திலும் இந்த முறை நன்றாக நடந்துவிடவில்லை. பயிற்சி பெற்ற டீச்சர் மாற்றலாகிப் போவார். புதிதாக வந்தவருக்கு முறை தெரியாது. டீச்சருக்குப் பதிவேடு எழுதவே நேரம் போதாது. அப்போது நான்காவது, ஐந்தாவது குழுக்கள் கேட்பாரற்றுக் கிடக்கும். முன்பு வரிசையில் காத்திருந்த பிள்ளை இப்போது வட்டத்தில் காத்திருக்கும். வேறு மாற்றம் இல்லை.

நன்றாக நடக்கிறதா, இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கதவருகே பத்து நிமிடம் நின்று பார்த்தால் போதும். டீச்சர் இல்லாத குழுவில் பிள்ளைகளின் கை என்ன செய்கிறது? முடித்த பிள்ளை தானாக எழுந்து ஏணிக்குப் போகிறதா? டீச்சர் ஒரு குழுவிடம் உட்கார்ந்தால் கொஞ்ச நேரமாவது எழாமல் இருக்க முடிகிறதா? வீட்டில் பிள்ளையிடம், "இன்றைக்கு என்ன படித்தாய்?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். "இன்றைக்கு எந்த அட்டை எடுத்தாய்? ஏணியில் எத்தனையாவது படி?" என்று கேட்டால் பதில் வேறாக இருக்கும். மூன்று வாரமாக அதே படி என்றால் டீச்சரிடம் போய்ப் பேசலாம். அதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. எண் படிக்கத் தெரிந்த அம்மா ஏணியையும் படித்துவிடலாம்.

கேட்பதற்கு உரிய இடமும் இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். வேலைப் பட்டியல் மாறுகிறதா, தண்ணீர்ப் பானை யாருக்கும் தடையில்லாமல் இருக்கிறதா, ஒரு டீச்சர் நீண்ட விடுப்பில் போனால் மாற்று ஆள் வருகிறாரா என்று அங்கே கேட்கலாம்.

அட்டைகளைப் பற்றியும் கேட்கலாம். நூறு கை பட்டால் எந்த அட்டையும் கிழியும். மழையில் நனையும். எலி கடிக்கும். ஓர் அட்டை காணாமல் போனால் ஏணியில் ஒரு படி இல்லாமல் போகிறது. அந்தப் படிக்கு வரும் பிள்ளைகள் எல்லாம் அங்கேயே நிற்பார்கள். மேலிடத்திலிருந்து புதிய பெட்டி வரும் வரை காத்திருந்தால் ஆண்டே முடிந்துவிடும். பழைய கல்யாணப் பத்திரிகை எல்லா வீட்டிலும் இருக்கும். கெட்டியான அட்டை. பின்பக்கம் பெரும்பாலும் வெறுமையாகத்தான் இருக்கும். காணாமல் போன அட்டையில் என்ன இருந்தது என்று டீச்சர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அதைப் பார்த்துப் பெரிய எழுத்தில் எழுத ஊரில் ஆள் இல்லாமல் போகாது. எழுதப் படிக்கப் புதிதாகக் கற்றுக்கொண்டவர்கள் எழுத்தை நிதானமாக, உருண்டையாக எழுதுவார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்படிப்பட்ட எழுத்துத்தான் வேண்டும். மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டினால் மழைக்கும் தாங்கும். படத்தையும் எண்ணையும் மட்டும் மூலையில் மறக்காமல் போட வேண்டும். அதை வைத்துத்தான் பிள்ளை அட்டையை அடையாளம் கண்டு எடுக்கிறது.